பெட்டிக்குள் மாதா

கம்பினாஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அன்று மொயேமாவுக்கு ஒரே வேலைதான்: எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?

அவள் அம்மா தல்வா அங்கே பேராசிரியை. அம்மாவின் மாணவி ஜந்திரா அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடித் துண்டில் அவள் பூசிய பெரோவ்ஸ்கைட் என்னும் நுண்படிகம், மிக மங்கலான ஒளியையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒளி இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாலும், கணினித் திரையில் ஒளியைக் காட்டும் கோடு மேலேயே நின்றது.

"இருட்டுலயும் உளறுதே, ஜந்திரா! இன்னிக்கும் சரியாகலேன்னா இந்தப் படிகக் கலவைய விட்டுடலாம்," என்றாள் அம்மா.

"ஆறு மாச உழைப்பு மேடம்..." அக்காவின் கண் கலங்கியது. மொயேமாவுக்குப் பாவமாக இருந்தது.

அம்மா காபி எடுக்கப் போனாள். அக்கா பெட்டியைத் திறந்தாள். மொயேமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு மூலையில், கட்டைவிரல் உயர அபரெசிடா மாதா சிலை!

"மாதா எதுக்குக்கா உள்ள?"

"உஷ்! அம்மாகிட்ட சொல்லிடாத. படிகம் நல்லா வரணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்."

"எங்கிட்டயும் இதே மாதா இருக்காங்க. விளக்க அணைச்சா பச்சையா மின்னுவாங்க."

அக்கா திருதிருவென விழித்தாள். "மின்னுவாங்களா? நான் பட்டப்பகல்லதானே வாங்கினேன்!"

மொயேமா மாதாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நான் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க மூடுங்க."

மூடியதும் கோடு சரசரவென இறங்கித் தரையோடு படுத்துக்கொண்டது.

"எப்படி சரியாச்சு?" திரும்பி வந்த அம்மா கேட்டாள்.

மொயேமா உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அக்காவே உண்மையைச் சொன்னாள். அம்மா சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்படின்னா அது உளறவே இல்ல! பெட்டிய திறக்கும்போதெல்லாம் மாதா மேல வெளிச்சம் பட்டிருக்கு. மூடின பிறகு அவங்க விட்ட துளி ஒளியக்கூட உன் படிகம் பாத்திருக்கு. இந்தக் கலவைய விடவே கூடாது ஜந்திரா!"

அக்கா மொயேமாவைத் தூக்கிச் சுற்றினாள்.

"மாதாவ எங்க வைக்கிறது?" என்றாள் மொயேமா.

"பெட்டிக்கு மேல. வெளியிலேர்ந்தே ஆசீர்வதிக்கட்டும்," என்ற அம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஆமா, எதையும் தொடாதன்னு சொன்னேனே?"

"எதையும்னுதானேம்மா சொன்னீங்க? யாரையும்னு சொல்லலியே!" என்றாள் மொயேமா.