பதினொரு பெயருக்கும் ஒரே முகவரி

பெயர் ஒன்று கூடுதலாக இருந்தது.

காத்தாயி அச்சுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். அவள் எழுதிய புரோகிராமில் பெயர் வைத்த இடங்கள் பதின்மூன்று. வாய்க்காலின் நீர்மட்டத்தைப் படிக்கும் இடத்துக்கு ஒரு பெயர், மோட்டாரை நிறுத்தும் இடத்துக்கு ஒரு பெயர், ஷட்டரைத் தூக்கும் இடத்துக்கு ஒரு பெயர், இப்படி. தாளின் கடைசியில் வந்திருந்த பட்டியலிலோ பதினான்கு. அந்தப் பதினான்காவது பெயர் அம்சம்.

சிரிப்புத்தான் வந்தது முதலில். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற அசெம்ப்ளர் என்பது சொந்தப் புத்தி துளியும் இல்லாத குமாஸ்தா. எண்பது எண்பத்தைந்து என்கிற அந்தச் சிப்புக்கு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. மனிதருக்கோ அத்தனை எண்ணும் நினைவில் நிற்காது. அதனால் ஆள் சின்னச் சின்னச் சொற்களில் எழுத வேண்டியது, அசெம்ப்ளர் அதை எண்களாக்கித் தர வேண்டியது. எழுதியதை அது இரண்டு தடவை நடந்து பார்க்கும். முதல் நடையில் பெயர்களைப் பொறுக்கி, எந்தப் பெயர் நினைவகத்தில் எந்த முகவரியில் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் நடையில் எண்களை எழுதும். எழுதாத ஒரு பெயரைத் தன் பங்குக்குச் சேர்க்கிற தைரியம் எந்த அசெம்ப்ளருக்கும் கிடையாது.

கீழப்புலியக்குடி மதகின் மேல் இருந்த தகரக் கொட்டகையில் இரண்டு நாளாக அவள் இந்த வேலையோடு கிடந்தாள். நாளைக்குப் பெரிய என்ஜினீயர் வருகிறார். வாய்க்காலில் தண்ணீர் அளவுக்கு மீறினால் ஆள் தொடாமல் சிப்பே மோட்டாரைச் சுழற்றி ஷட்டரைத் தூக்கிக் காட்ட வேண்டும். டிப்ளமா படித்த பெண்ணை நம்பி இதைக் கொடுத்ததே அதிகம் என்று ஆபீசில் காதுபடப் பேசினார்கள். அதனால் காலையிலேயே பழைய புரோகிராம் இருந்த நினைவகச் சிப்பை முழுக்க அழித்துவிட்டு, புதிதாக எழுதுவதற்காக அதைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி மேஜையில் வைத்திருந்தாள்.

மறுபடி ஓட்டினாள். ஃப்ளாப்பி உள்ளே கரகரவென்று உரசியது. பிரிண்டர் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டுத் தாளைத் தள்ளியது. ரிப்பன் மையின் வாடையோடு கீழேயிருந்து அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும் தரைப்பலகை இடுக்கு வழியாக ஏறி வந்தது. பட்டியலில் இப்போது அம்சத்துக்குக் கீழே மருதை. அடுத்த முறை கண்ணாத், ரெத்தி. இந்த அசெம்ப்ளர் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு மேல் ஏற்காது, மிச்சத்தை வெட்டிவிடும். ஐந்தாம் முறை ஓட்டியபோது பதினொரு பெயர்கள் சேர்ந்திருந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் முகவரியையும் விரல் வைத்துப் பார்த்தாள். பதினொன்றுக்கும் ஒரே முகவரி. ஷட்டரைத் தூக்கும் வரியின் முகவரி.

வெளியே கார்த்திகை மாதத்துப் பகல் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மூடிய ஷட்டருக்கு மேற்கே ஏழடித் தண்ணீர் அசையாமல் நின்றது. கிழக்கே, ரோட்டுக்கு அடியில், ஆள் குனிந்து போகிற அளவில் ஒரு கல் சுரங்கம். ஷட்டர் திறந்தால் தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழ்ப்பக்க வாய்க்காலுக்குப் போகும். அதற்குள் அடைத்துக்கிடந்த தழையை அவள் அப்பா வீரையன் வாரிக்கொண்டிருந்தார். அவர் லஸ்கர். மதகு பார்க்கிற வேலையில் முப்பது வருஷம், சித்திரையில் ஓய்வு. இளவயதில் அவர் வேலை பார்த்தது இதே ஊர், இதே மதகு. காத்தாயிக்கு நினைவு தெரிவதற்கு முன்பே குடும்பம் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டது.

வயர்மேன் காதர் மைதீன் ஸ்விட்ச்போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கைத் திறந்தார். டீக்கு வீரையன் மேலேறி வந்தார். காக்கிச் சட்டை முழுக்கச் சேறு.

"அப்பா, அம்சம்னு நம்ம சொந்தத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. "ஏம்மா?"

"மிஷின்ல வருதுப்பா. நான் எழுதல. மருதை, கண்ணாத்..."

"கண்ணாத்தா," என்றார் வீரையன். "கண்ணாத்தா அது. மொத்தம் எத்தனை பேரு?"

"பதினொன்னு."

அவர் மதகின் கட்டையில் மெல்ல உட்கார்ந்தார். "எம் பேரு இருக்கா?"

"உங்க பேரு எதுக்குப்பா இருக்கணும்?"

வீரையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ நாலு வயசுப் புள்ள. ஆட்சி மாறி மொத அறுப்பு. கூலி நெல்லு கூடக் கேட்டோம்னு பண்ணையில வெளியூர் ஆளைக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. வீடு வீடாப் பூந்து அடி. பயந்துக்கிட்டு நம்ம சனம் இந்தச் சொரங்கத்துக்குள்ள போயி ஒளிஞ்சிருச்சு. பண்ணை ரெங்கசாமி இங்க வந்து நின்னுக்கிட்டு, ஷட்டரைத் தூக்கு வீரையான்னாரு. தூக்கினேன்."

"உள்ள ஆள் இருந்தது உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"அம்சத்துக்கு இருமல் சீக்கு. இருமிக்கிட்டே இருந்துச்சு. கேட்டுச்சும்மா."

காதர் மைதீன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

"மீன் புடிக்கப் போயி செத்தாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. எனக்கு வேலை நெரந்தரமாச்சு."

காத்தாயி தன் கைகளைப் பார்த்தாள். அந்த வேலையின் சோற்றில் வளர்ந்த உடம்பு இது. அந்தச் சம்பளத்தில் வாங்கிய புத்தகம், அந்தச் சம்பளத்தில் கட்டிய பீஸ். அப்பாவை அவள் வெறுத்தாள். வெறுத்த அதே நொடியில் அவருடைய சேறு படிந்த விரல்களைப் பார்த்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எதையாவது சரி செய்ய வேண்டும் போலிருந்தது. அவளுக்குச் சரி செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இது பழைய ஃப்ளாப்பியில கெடக்குற குப்பைப்பா. புதுசுல ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன். ஒரு பேரும் வராது பாருங்க."

"வேணாம்மா. ஓட்டாத."

"ஒரே ஒரு தடவைப்பா."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் உள்ள புத்தி அது. தப்பாக வந்தால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது. ஓட்டுவதால் எதுவும் கெட்டுவிடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. வீரையன் டம்ளரைக் கட்டையில் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தழை கெடக்கு," என்று சொல்லிப் படியில் இறங்கினார். அவர் முதுகு சுரங்கத்துக்குள் குனிந்து நுழைவது பலகை இடுக்கில் தெரிந்தது.

அவள் உறை பிரித்த புது ஃப்ளாப்பியைச் செருகினாள். புரோகிராமை நினைவிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். பழையதிலிருந்து ஒரு எழுத்தும் எடுக்கவில்லை. வியர்வை கண்ணிமையில் இறங்கி எரிந்தது. கொட்டகையில் காற்று நின்றுபோயிருந்தது. கீழே அப்பாவின் மண்வெட்டி கல்லில் உரசும் ஓசை மட்டும் நிதானமாக, ஒழுங்காக, வந்துகொண்டிருந்தது. முதல் நடை முடிந்தது. இரண்டாம் நடை முடிந்தது. பிழை எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

பிரிண்டர் ஓடியது.

பதின்மூன்று பெயர்கள். அவளுடையவை. அதற்குக் கீழே அம்சம். மருதை. கண்ணாத். ரெத்தி. அவள் தாளைப் பிடித்து இழுத்தாள். தாள் நிற்கவில்லை. பதினொன்று வந்தது. பிரிண்டர் ஒரு மூச்சு நின்றது. பன்னிரண்டாவதை ஒவ்வொரு எழுத்தாக அடித்தது.

வீரை.

அதே முகவரி.

மண்வெட்டி ஓசை நின்றது.

"காதர் பாய்! ஃபியூஸைப் புடுங்குங்க!"

"என்னம்மா ஆச்சு?"

"புடுங்குங்க!"

அவர் பிடுங்கினார். கறுப்பான ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் இரண்டு கையிலுமாகத் தூக்கிக் காட்டினார். திரை அணைந்தது. பிரிண்டர் அடங்கியது. மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

காத்தாயி மேஜையைப் பார்த்தாள். அழித்த சிப் அங்கேயே கிடந்தது. சாக்கெட் காலி. மோட்டாருக்குக் கட்டளை சொல்வதற்கு எதுவும் இல்லை அங்கே. கேட்பதற்கும் எதுவும் இல்லை. மோட்டார் சுற்றியது.

"அம்மா, கரண்டே இல்லம்மா," என்றார் காதர் மைதீன். கட்டைகளை இன்னும் கீழே போடாமல் நின்றார். "கரண்டே இல்ல."

அவள் வெளியே ஓடிக் கைச்சக்கரத்தைக் கட்டிப்பிடித்தாள். சக்கரம் அவளையும் சேர்த்துத் திருப்பியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. காதர் மைதீன் வந்து கூடப் பிடித்தார். இரண்டு பேர் பாரமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஷட்டர் கீழே முனகியது. ஒரு விரல் ஏறியது. ஒரு சாண்.

"அப்பா! வெளில வாங்கப்பா! அப்பா!"

சுரங்கத்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

பெண்ணின் இருமல்.

பிறகு தண்ணீர். தரைப்பலகை அதிர, கல் அதிர, ஏழடித் தண்ணீரும் ஒரே மூச்சில் உள்ளே போனது.

அவள் சக்கரத்தை விட்டாள். ரோட்டைக் கடந்து கிழக்கே வாய்க்கால் கரைக்கு ஓடினாள். சுரங்கத்தின் வாயிலிருந்து செந்நிறமாக நுரைத்துக்கொண்டு வந்தது வெள்ளம். தழை வந்தது. மண்வெட்டியின் காம்பு வந்தது. ஆள் வரவில்லை. கரையில் மண்டியிட்டு அவள் கத்திய கத்தலில் எதிர்க்கரை வயலிலிருந்து கொக்குகள் எழும்பின. கண்ணில் அழுகையும் மழையும் கலந்தது. மழை எப்போது பிடித்தது என்று தெரியவில்லை.

நுரை கொஞ்சம் அடங்கியது.

தண்ணீருக்கு அடியில் ஏதோ அசைந்தது. தழையாக இருக்கும் என்று நினைத்தாள். தழை என்றால் நீரோடு போகும். இது போகவில்லை.

முதுகுகள்.

வாய்க்காலின் குறுக்கே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, இடுப்பை மடக்கிக் குனிந்த முதுகுகள், தலைக்கு மேல் தண்ணீர் ஓட. நடவு வயலில் நிற்பதுபோல் ஒரே வரிசை. கைகள் ஒன்றாகச் சேற்றுக்குள் இறங்கின. ஒன்றாக எழும்பின. கையில் நாற்று இல்லை. ஒரு அடி பின்னால் வைத்தார்கள். மறுபடி குனிந்தார்கள். பின்னாலேயே நகர்ந்து அவள் மண்டியிட்டிருந்த இடத்துக்கு நேராக வந்தார்கள். அவள் எண்ணினாள். நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டாவது முதுகில் காக்கிச் சட்டை.

"அப்பா," என்றாள்.

வரிசை நின்றது. கைகள் நின்றன. ஒரு தலையும் திரும்பவில்லை. காக்கிச் சட்டைக்குப் பக்கத்து முதுகு மெதுவாக ஒதுங்கியது. அதற்கடுத்த முதுகும் ஒதுங்கியது. நடுவில் ஓர் ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, தண்ணீருக்கு அடியில் எல்லோரும் அசையாமல் காத்திருந்தார்கள்.