காயாத கைநாட்டு

அப்பாவின் கைநாட்டு இன்னும் காயவில்லை.

நாற்பத்தொரு வருடத்துக் காகிதம் அது. தொட்டாலே ஓரம் பொடிந்தது. பழைய காப்புரிமைக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அரசு ஆவணக் காப்பகம் சொன்னதை நம்பி, மூட்டை தூக்கும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நிலவறைக்கு வந்திருந்தான் அவன். கோப்பின் கடைசித் தாளைப் புரட்டியதும் கறுப்பு மை பெருவிரலில் ஒட்டியது. முகர்ந்தான். மைக்கு அடியில் இரும்பும் எண்ணெயும் கலந்த, அப்பா கையின் வாடை.

"இன்னிக்கு யாராவது இதத் தொட்டாங்களா சார்?"

"நீங்கதான் முதல் ஆளு" என்றார் எழுத்தர், சாப்பாட்டுப் பையை எடுத்தபடி. "சாப்பிட்டு வந்துடறேன். கோப்பு வெளிய இருந்தா ஆளோட சேத்துப் பூட்டணும், அதான் இங்க விதி. பயப்படாதீங்க, பேப்பர்ப் பூச்சி மனுசனத் தின்னாது."

இரும்புக் கதவு மூடியது. தாழ் மூன்று முறை சொடுக்கியது.

அப்பா பூட்டு செய்கிறவர். பெட்டக அறைக்கென்று புதுத் தாழ் ஒன்றைக் கண்டுபிடித்து, முதலாளியிடம் காட்டப் போனவர் திரும்பவில்லை. பட்டறைச் சாமானைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார் முதலாளி. அன்றிலிருந்து அக்கா திருடன் மகள்.

"அப்பா பேரு அதுல இருக்கான்னு பாத்துட்டு வாடா" என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். "அம்பது வயசுல எழுத்துப் படிச்சியே, இதுக்காவது ஆகட்டும்."

விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். வரைபடத்தில் எண் போட்டிருந்தது. ஒன்று, கதவு. இரண்டு, தாழ். மூன்று, சுருள்வில். நான்கு, அறைக்குள் குந்தியிருந்த சிறு உருவம்.

'நான்கு: சோதனைக்காக உள்ளே வைக்கப்பட்ட ஆள். கைநாட்டு கீழே. ஒன்பது நாள். உள்ளிருந்து திறக்க இயலவில்லை. சோதனை வெற்றி. இதே கதவு அரசுக் கட்டட நிலவறைக்கு விற்கப்பட்டது.'

விளக்கு மங்கி, அலமாரிகளின் நிழல் தரையில் அடர்ந்து, அந்த எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கும்வரை அவன் நிமிரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. எழுத்தர் வரவில்லை.

"சார்."



கதவைப் பார்த்தான்.

உட்புறம் முழுக்கக் கைநாட்டு. வரும்போது இல்லை. கீழிருந்து மேலாக, குந்தியிருப்பவனின் கை எட்டும் உயரம்வரை. வரிசை வரிசையாக. எல்லாம் ஈரம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

அதன் பக்கத்தில், ஒரு பெருவிரல் அளவுக்கு, இடம் விட்டிருந்தது.