பச்சை விளக்கு கேட்கிறது

அந்த வீட்டு வாசல் கதவு திறந்த சத்தத்தில் தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த தெருவில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கன்னத்தைக் கிழித்துக்கொண்டார் என்றும் கேள்வி. அப்படி அலறும் கதவுக்குப் பின்னால்தான், உலகத்திலேயே சத்தம் செத்துப்போன அறை ஒன்று இருந்தது.

காலை பதினோரு மணி. சில்வண்டு கிட்டாரோடு உள்ளே நுழைந்தாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓயாமல் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள் என்பதால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. முப்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூட வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி ஒரு ஆல்பம் கொண்டுவரப் புறப்பட்டிருந்தாள். எட்டுப் பாட்டு. முதல் ஆல்பம். இது கவிழ்ந்தால் மறுபடி கரும்பலகைதான்.

கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. பின்னால் இருந்ததெல்லாம் அவள் அண்ணன் ஒருவன்தான். செல்போன் பழுது பார்க்கிறவன். இப்போது அவனே ஒலிப்பதிவாளன், அவனே விளம்பர அதிகாரி. ஒரு பாட்டுகூடப் பதிவாகாதபோதே வெளியீட்டுத் தேதியை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்ட தீரன்.

"இது முந்தி காது டாக்டரோட கிளினிக். அதோ, அந்தப் பொட்டி ரூம்லதான் காது டெஸ்ட் பண்ணுவாங்க. உள்ள உக்காந்தா உங்க சாப்பாடு செரிக்கிறது உங்களுக்கே கேக்கும்" என்றார் சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரம்மா. சொன்னவர் அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாவியை மேசையில் வைத்தார். போய்விட்டார்.

பெட்டியறை என்றால் பெட்டியேதான். ஒரு முழத் தடிமனில் கதவு. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. நடுவில் ஒரு நாற்காலி. அதன் கையில் ஒயரோடு தொங்கும் ஒரு பொத்தான். உள்ளே இருப்பவர் காதில் சத்தம் விழுந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரியும். டாக்டர் குறித்துக்கொள்வார். விளக்கின் கீழே சின்னப் பலகையில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது.

கேட்கிறது.

"நமக்குன்னே கட்டி வச்சிருக்காங்க சில்லு! பக்கத்துல எரிமலை வெடிச்சாக்கூட உள்ள வராது" என்று அண்ணன் குதித்தான். கம்ப்யூட்டரை வெளியே மேசையில் பரப்பினான்.

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலிருந்து தொடங்கினார்கள். காதல் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்றுதான்: 'கேட்டால் தருவேன், கேட்டால் தருவேன்.' அந்த வரியைப் பாடினால் கல்லும் எழுந்து வந்து கடன் கேட்கும் என்பது அண்ணனின் கணிப்பு.

"கேக்குதாண்ணா?" என்று மைக்கில் கேட்டாள்.

"கேக்குது, கேக்குது. பாடு."

பாடினாள். 'தருவேன்' என்று இழுத்து நிறுத்தியபோது ஹெட்போனில் அவன் குரல் குறுக்கே வந்தது.

"பொத்தானை எதுக்குடி அழுத்துற? விளக்கு எரியுது பாரு."

"என் ரெண்டு கையும் கிட்டார்ல இருக்கு."

அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இரண்டு கையும் கிட்டாரில்தான் இருந்தன.

"பழைய ஒயரு" என்றான். செல்போன்காரன் வாயில் எல்லாப் பேய்க்கும் அதுதான் பெயர்.

அடுத்த நாள் ஒயரைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டான். மூன்றாம் நாள் வந்து பார்த்தால், பொத்தான் நாற்காலியின் கையில் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. சில்வண்டு தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

யாரோ இந்த நிமிஷம்தான் விரலை எடுத்ததுபோல.

அறையில் ஒரு வாசனை வேறு சேர்ந்துகொண்டது. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் வாசனை. மற்ற ஏழு பாட்டும் நல்ல பிள்ளையாக முடிந்தன. விளக்கு கண்ணைத் திறக்கவில்லை. தலைப்புப் பாட்டை எடுத்தால் மட்டும், அந்த வரிக்கு மட்டும், பச்சை எரிந்தது. எரிந்த ஒவ்வொரு முறையும் பாட்டு எங்கோ பிசிறியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும்.

ஒருநாள் மதியம் அவள் சொன்னாள்: "அண்ணா, இடது பக்க ஹெட்போன் வேலை செய்யல."

அவன் வேறொன்று கொடுத்தான். அதிலும் இடது பக்கம் ஊமை.

"திருப்பிப் போட்டுக்கோ. வலதை இடதுல வை."

திருப்பிப் போட்டாள்.

அப்போதும் இடது பக்கம்தான் ஊமை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகத்தில் முதன்முறையாக நகைச்சுவை இல்லை. அவள் இடது காதருகே விரலைச் சொடுக்கினாள். விரல் ஆடியது. அவ்வளவுதான். பாட்டுக்காரியின் ஒரு காது, சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது. வெளியீட்டுக்கு இன்னும் ஆறே நாள்.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். வந்தார், வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"அந்தப் பாழாப்போன வெளக்கு எரிஞ்சுதா?" என்றார்.

இருவரும் தலையாட்டினார்கள்.

"வாடகைக்கு ஆள் வராதுன்னு சொல்லல தம்பி. என் தப்புதான்." பெட்டியறைப் பக்கம் பார்க்காமலே சொன்னார். "தையல்காரம்மா ஒருத்தங்க. ரெண்டு காதும் சுத்தமா கேக்காது. செவ்வாய்க்கிழமை தவறாம வருவாங்க. பத்து வருஷத்துல ஒரு தடவைகூடப் பொத்தானை அழுத்துனதில்ல. 'இன்னிக்கு ஒரு சத்தமாவது விழும்'னு உக்காந்திருப்பாங்களாம். ஒருநாள் டாக்டருக்கு ஊர்ல இருந்து அவசரமா ஆள் வந்துச்சு. டெஸ்ட் முடிஞ்சதுன்னு மைக்குல சொன்னாரு. யார்கிட்ட சொல்றோம்னே மறந்துட்டாரு. அவங்க கெளம்பியிருப்பாங்கன்னு நெனச்சு, ரூமையும் வீட்டையும் பூட்டிட்டுப் போயிட்டாரு."

சில்வண்டு பெட்டியறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க தட்டுனது வெளிய கேக்கல. அதுதான் அந்த ரூமோட பெருமையாச்சே! பொத்தான் ஒண்ணுதான் கையில இருந்துச்சு. ஒன்பது நாள். மீட்டர் பாக்க வந்தவரு ஜன்னல் வழியா பச்சை வெளக்கைப் பாத்திருக்காரு. டாக்டர் உள்ள வேலையா இருக்காருன்னு நெனச்சுப் போயிட்டாரு. கடைசியில கதவைத் தொறந்தப்ப உசுரு இல்ல."

அவர் போனபின் சில்வண்டு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழ் டீச்சராக இருந்தவள்.

"அண்ணா, அது காதுல விழுதுன்னு எரியல."

"பின்ன?"

"கேக்குது. நம்மகிட்ட கேக்குது."

"என்னத்தக் கேக்குது?"

"கேட்டா தர்றேன்னு நான்தானே உள்ள உக்காந்து பாடிட்டிருக்கேன். எத்தனை டேக் எடுத்தோம்?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "நாப்பத்தொண்ணு."

கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, "வரியை மாத்திடு சில்லு. 'கேட்டாலும் தரமாட்டேன்'னு பாடு" என்றான்.

"லவ் பாட்டுண்ணா அது!"

"நிறைய பேர் வாழ்க்கையில அப்படித்தான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டில்லாமல் ஆல்பம் இல்லை. இன்னொரு முறை பாடினால் வலது காதும் மிஞ்சுமோ மிஞ்சாதோ. ஒன்பது நாள் ஒருத்தி எதைக் கேட்டிருப்பாள் என்று யோசித்தாள். காதையா? இல்லை. கதவை.

கிட்டார் பெட்டியை முட்டுக்கொடுத்துப் பெட்டியறைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். வாசல் கதவை மட்டும் திறப்பதற்குள் அண்ணன் அலறினான்: "ஐயோ, தெருச் சத்தம் மொத்தமும் பாட்டுல வரும்டி!"

"வரட்டும்" என்று, வாசல் கதவைத் திறக்காமலே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பாடினாள். மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. காக்கை ஒன்று கத்தியது. 'கேட்டால் தருவேன்.'

பச்சை விளக்கு எரிந்தது.

அவள் நிறுத்தவில்லை.

எண்ணெய் வாசனை எழுந்தது. நாற்காலியின் பின்னாலிருந்து, அவள் தோளை உரசிக்கொண்டு, திறந்த கதவைத் தாண்டிப் போனது. அண்ணனின் கழுத்து முடி அத்தனையும் ஊசியாக நின்றது.

விளக்கு அணைந்தது.

பிறகு அந்த வாசல் கதவு, யாரும் தொடாமல், ஏழு தெருவுக்குக் கேட்கும்படி அலறித் திறந்தது.

அந்த அலறலை அவள் இடது காதில் கேட்டாள்.

அழுதுகொண்டே கடைசி வரியைப் பாடி முடித்தாள். நாயின் குரைப்பு உட்பட எல்லாம் பதிவானது.

ஆல்பம் சொன்ன தேதியில் வெளியானது. தலைப்புப் பாட்டு காட்டுத்தீயாகப் பிடித்தது. காக்கை எத்தனையாவது நொடியில் கத்துகிறது என்று மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்களே உருவானார்கள். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் மூளையில் ஒரு யோசனை உதித்தது: 'அந்த ஒரு வரியை நீங்களும் பாடி அனுப்புங்கள். நல்ல குரலுக்கு மேடையில் இடம்.'

முதல் நாள் இருநூறு பேர் பாடி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முப்பதாயிரம். குளியலறையில், பேருந்தில், அலுவலகப் படிக்கட்டில், ஊரே பாடியது. கேட்டால் தருவேன், கேட்டால் தருவேன்.

அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. 'பாட்டு பிரமாதம். ஆனா இடது பக்கம் சவுண்டு வரல. சரி பண்ணுங்க.'

சில்வண்டு போட்டுக் கேட்டாள். இரண்டு பக்கமும் கணீரென்று இருந்தது.

மாலைக்குள் அதே செய்தி நாற்பது. மறுநாள் காலை நானூறு. 'இடது பக்கம்.' 'இடது பக்கம்.' ஒருவர் எழுதியிருந்தார்: 'ஹெட்போனைத் திருப்பிப் போட்டும் அப்படியே இருக்கு.'

அவள் போனைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்துவிட்டாள், சரி. அதே கதவு வழியாகத்தான் பாட்டையும் அனுப்பியிருந்தாள். கேட்டால் தருவேன் என்று இப்போது ஊரே வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா! அந்தப் போட்டியை உடனே நிறுத்து!"

கூடத்தில் அண்ணன் அவளுக்கு இடது பக்கத்தைக் காட்டியபடி மேசை முன் உட்கார்ந்திருந்தான். அந்த வரியை முனகிக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

அவன் திரும்பவில்லை.

அருகே போனாள். அவன் காதோரம் குனிந்தாள். தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

"அண்ணா, கேக்குதா?"

அவன் திரும்பவில்லை. கட்டை விரல் மட்டும், வெறும் மேசையின் மேல், அங்கே இல்லாத ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.