பாதியில் மாறிய மொழி

மாட்டுங்காவில் ஷ்யாமளாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மெதுவாகத்தான் வாயைத் திறப்பார்கள். தங்கமயில் உட்காரவே இல்லை.

"எங்க அக்காவக் கொன்னவன் ஜாமீன்ல வெளிய வந்துட்டான். அவன மறுபடியும் உள்ள தள்ளணும். அவன் தூக்குல தொங்குதத நான் பாக்கணும்."

உதவியாளர் ஜோயாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது வயதுக்காரி, தாராவியிலேயே பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். மர்மத் தொடர் என்றால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்ற ஷ்யாமளாவோ எதற்கும் அசைகிறவர் இல்லை. "உட்காருங்கோ. யார் அவன்?" என்று கேட்டார்.

"முகேஷ். எம் மருமகன்." தங்கமயில் மேசையில் கையூன்றினாள். "எம்மக ஸ்ரீதேவி போன மழைக்காலத்துல ரயில்லேருந்து விழுந்து செத்தா. அவன்தான் தள்ளிவிட்டான். அதே பெட்டியில இருந்த எங்க அக்கா பொன்செல்வி, அவ கால் வழுக்கித்தான் விழுந்தாள்னு சாட்சி சொல்லி அவனக் காப்பாத்துனா. அதோட விட்டாளா? தினம் அவனுக்குச் சோறும் போட்டா. கடைசில அவ மூஞ்சியிலேயே தலகாணிய வச்சு அமுக்கிட்டான்."

தாராவியில் தன் மாடி அறையில், ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால் பொன்செல்வி இறந்து கிடந்தாள். தங்கமயில் அன்று முலுண்டில் தன் வீட்டில் இருந்தாளாம். போலீஸ் சொல்லித்தான் வந்தாளாம்.

"முகேஷ்தான்னு எப்படிச் சொல்றேள்?"

"டிவி இந்தியில ஓடிட்டிருந்துச்சு. அக்கா தமிழ்லதான் பாப்பா. அவன் பம்பாயிலயே பொறந்த பய, தமிழ்ல ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எல்லாம் இந்திதான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தேயிலத்தோட்டத்துக் கொலத் தொடரு. நானும் அக்காவும் போன்ல பேசிப் பேசியே பாப்போம். எம்மக போனப்பறம் எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். அதுலயாவது கொன்னவன் மாட்டுதாம்லா! பாவி, அன்னைக்கிக் கொலகாரன் யாருன்னுகூடத் தெரியாமலே போய்ச் சேந்துட்டா."

ஜோயாவுக்கு அந்த ஆறுதல் நன்றாகவே புரிந்தது. அவளும் அதே தொடரைத்தான் பார்த்தாள். பனி மூடிய மலை, அடுக்கடுக்காய்ப் பச்சை, வாரம் ஒரு பிணம். ரத்தம் தெரியாது, யாரும் நெடுநேரம் அழமாட்டார்கள். முடிவில் எல்லோரையும் கூட்டி வைத்துக் குற்றவாளியை நோக்கி விரல் நீளும்போது, உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று நெஞ்சு குளிர்ந்துவிடும். இந்த முகேஷை நோக்கி அந்த விரல் நீளுவதைப் பார்க்க அவளுக்கும் வெறி வந்தது.

மறுநாள் இருவரும் தாராவிக்குப் போனார்கள். பக்கத்து அறைப் பீவி தான் கேட்டதைச் சொன்னாள். "நடுவுல ஒரு பலகதானே மேடம், எல்லாம் கேக்கும். பாதிவரைக்கும் தமிழ்லதான் ஓடுச்சு. அப்புறம் இந்திக்கு மாறிடுச்சு. மருமகப் பிள்ளை வந்துட்டாரு போலன்னு நெனச்சேன். கதை முடியறவரைக்கும் கேட்டேன், அந்தத் தோட்ட டாக்டர்தான் கொன்னவன்."

"போலீசும் அப்படித்தான் சொல்லுது மேடம்," என்றாள் ஜோயா. "இவன் வந்திருக்கான், ரெண்டு பேரும் இந்தியில பாத்திருக்காங்க. கதை முடிஞ்சதும் கொன்னுட்டான்."

ஷ்யாமளா முகேஷைப் பொன்செல்வியின் அறைக்கு வரவழைத்தார். ஒல்லியாக, தாடி மண்டிப்போய் வந்து நின்றான். அவர் டிவியைப் போட்டு ரிமோட்டை அவனிடம் நீட்டினார். "குரல் இன்னும் இந்தியில இருக்கு. தமிழுக்கு மாத்துங்கோ."

முகேஷ் பொத்தான்களை அழுத்தினான். திரைக்கு மேல் திரையாக வந்தது. எல்லாம் தமிழ் எழுத்து. எதையோ அழுத்தினான், படம் இருண்டது. "கசம் சே மேடம், சத்தியமா இது எனக்குத் தெரியாது. நான் போன்லதான் பாப்பேன். இந்த டிவிய பெரியம்மாதான் போடுவாங்க."

'நல்லா நடிக்கிறான்' என்று ஜோயா பல்லைக் கடித்தாள். ரிமோட்டைப் பிடுங்கி, 'அமைப்புகள்', 'ஒலி', 'மொழி' என்று வாசித்துக்கொண்டே போய் மாற்றிக் காட்டினாள். ஷ்யாமளா அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டு நாள் கழித்து அதே அறையில் தங்கமயில், முகேஷ், பீவி, வழக்கை விசாரிக்கும் பெண் இன்ஸ்பெக்டர் எல்லோரும் இருந்தார்கள். ஜோயா கதவோரம் நின்றாள். அவள் கண் முகேஷின் மேலேயே இருந்தது.

"மொழி மாறினதால முகேஷ்னு எல்லாரும் நினைச்சோம்," என்று ஆரம்பித்தார் ஷ்யாமளா. "ஆனா இந்த டிவியில மொழியை மாத்தணும்னா தமிழ் வாசிக்கத் தெரியணும். முகேஷ் நடிச்சிருக்கலாம்தான். ஆனா அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னு முதல்ல சொன்னது அவரோட எதிரி. இல்லையா தங்கமயில்?"

தங்கமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முகேஷுக்குத் தமிழ் கேட்டா நன்னாப் புரியறது, அவருக்காகப் பொன்செல்வி மாத்தவும் தேவையில்லை. அப்போ தமிழ் வாசிக்கிற ஒருத்தர்தான், இந்திக்காரன் வந்த மாதிரி தெரியணும்னு மாத்தியிருக்கார். பொன்செல்வி உயிரோட இருக்கறச்சே அதைச் செய்ய முடியாது. பாதிக் கதையில கொலை, அப்புறம்தான் மொழி மாத்தம். டாக்டர்னு தெரிஞ்ச நேரத்துல பொன்செல்வி உயிரோட இல்லை." ஷ்யாமளா குரலை உயர்த்தவில்லை. "கதை முடிஞ்சப்புறம்தான் செத்தாங்கன்னு போலீஸ் நினைச்சுது, பீவி நினைச்சாங்க, நாங்களும் நினைச்சோம். தொடர்ல கொலைகாரன் யாருன்னு தெரியாமலே அக்கா போயிட்டாங்கறது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க போன் அன்னைக்கு முலுண்ட்ல இல்ல, இங்க தாராவியில இருந்திருக்கு," என்று இன்ஸ்பெக்டர் இந்தியில் சொன்னார்.

தங்கமயில் நிமிர்ந்தாள். முகத்தில் பயம் இல்லை. "ஆமா, நான்தான். எம்மக செத்தத ஒருத்தரும் ஒழுங்கா விசாரிக்கல. கூடப் பொறந்தவளே அவன் பக்கம் நின்னா. சாட்சி சொன்னவளும் போகணும், தப்பிச்சவனும் போகணும்னு நெனச்சேன். ஒண்ணுல ரெண்டும் முடிஞ்சிருக்கும். போலீஸ்காரனுவ அவன விட்டுட்டானுவ. அதான் உங்கள்ட்ட வந்தேன்."

ஜோயா இத்தனை வருஷம் ரசித்து ரசித்துப் பார்த்த கட்டம் இதுதான். நெஞ்சு குளிரவில்லை. இந்த அம்மாளோடு சேர்ந்து தானும் ஒருவனைத் தூக்கில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டதை நினைத்து, முகேஷின் மேலிருந்த கண்ணை எடுத்துக்கொண்டாள்.

முகேஷ் மெல்ல வந்து மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, அன்னைக்குக் கூட்டம் தள்ளுச்சு. வாசல்ல நின்ன ஸ்ரீக்குக் கால் வழுக்குச்சு. ஒரு கைய நான் புடிச்சேன், இன்னொரு கைய பெரியம்மா புடிச்சாங்க. மழையில நனஞ்ச கை, வழுக்கிடுச்சு. பெரியம்மா தினமும் அதச் சொல்லித்தான் அழுவாங்க. உங்ககிட்ட வந்து சொல்ல அவங்களுக்கு தைரியம் வரல."

தங்கமயில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தன்னையறியாமல் அவன் தலையை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது.

"பொய்," என்றாள். "பொய் சொல்லுதான்."

இன்ஸ்பெக்டர் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். படியிறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனாள். அவன் சொன்னதை அவள் நம்பிவிட்டாள் என்பது ஜோயாவுக்குத் தெரிந்தது. ஆனால் ஒப்புக்கொண்டால், அக்காளை எதற்காகக் கொன்றோம் என்ற கேள்வியோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டுமே.