அடியில் இருந்த சிப்பாய்

குவளையின் அடியில் ஈரம் இருந்தது. காலையில்தான் ஆன்செல்ம் அதைத் துடைத்து, கவிழ்த்து வைத்து, நன்றாக உலர்ந்த பிறகு அலமாரியில் ஏற்றியிருந்தான். இப்போது மதியம் மூன்று மணி. ஈய மூடியைத் தூக்கியதும் புது பீரின் வாசனையும் நனைந்த கம்பளியின் வாசனையும் எழுந்து, ஆற்றுப் பனிமூட்டம் ஜன்னலில் சாய்ந்திருந்த அந்த அறை முழுக்க மெல்லப் பரவின.

படைச் சேவை முடிந்து ஊர் திரும்பும் பவேரியச் சிப்பாய்கள் அந்தக் காலத்தில் இப்படியொரு பீர்க் குவளை செய்து வாங்கிக்கொள்வார்கள். முன்புறம் தன் பெயர், பக்கங்களில் தோழர்களின் பெயர்கள். அடிப்பாகம்தான் விசேஷம். அங்கே பீங்கானை ஓரிடத்தில் மெலிதாகவும் ஓரிடத்தில் தடிமனாகவும் வார்த்திருப்பார்கள். வெறுமனே பார்த்தால் மேடுபள்ளம். காலிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் மெலிந்த இடம் ஒளிரும், தடித்த இடம் இருளும்; ஒரு படம் எழுந்து வரும். இதில் இருந்தது, காதலியிடம் விடைபெறும் சிப்பாய். பின்னாளில் வந்த போலிகளில் பெரும்பாலும் நிர்வாணப் பெண் இருப்பாள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

போன வாரம் வால்புர்கா அம்மாள் வீட்டில் இந்தக் குவளையின் அடியை அவனும் அப்படித்தான் பார்த்தான். அசல். எண்பத்து நான்கு வயதான அவளுக்குத்தான் கண் மங்கியிருந்தது.

"அடியில துணியில்லாம ஒரு பொம்பள இருக்காம்மா. போலி," என்றான்.

"ஐயையோ! இதுலயா நாப்பது வருஷமா கோகோ குடிச்சேன்?" என்று சிரித்தவளின் முகம் சட்டென்று சுருங்கியது. "அப்போ எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தேன்னு சொன்னதும் பொய்யா?"

அவன் குவளையை மேசைமேல் வைத்தான்.

"எடுத்துட்டுப் போயிடு தம்பி. வீட்ல வேணாம்."

அன்று மாலையே அது அவன் அலமாரியில் இருந்தது.

இப்போது ஈரத்தைத் துடைத்துவிட்டுக் குவளையை ஜன்னலுக்கு நேரே தூக்கினான். வாசல் இருந்தது. பெண் இருந்தாள். சிப்பாய் நின்ற இடம் வெறும் வெள்ளை.

தொலைபேசி ஒலித்தது.

"வால்புர்கா பேசறேன். கோவிச்சுக்காத தம்பி. அது நெஜமாவே போலிதானா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஆனால் சேகரிப்பாளர் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்தாகிவிட்டது.

"போலிதாம்மா."

"சரி. அவருதான் கேக்கச் சொன்னாரு."

"யாரு?"

"இவ்வளவு நேரமா எதிர்ல உக்காந்திருந்தாரு. நீ சொன்னதும் எழுந்து போயிட்டாரு." அவள் குரல் தாழ்ந்தது. "கதவைத் திறக்கவே இல்ல தம்பி."

மறுபடியும் குவளையைத் தூக்கினான். பெண் இப்போது திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலிருந்த வெள்ளை மெல்ல இருண்டது. முதலில் தொப்பி. பிறகு தோள்கள்.

பீங்கான் தானாகத் தடிக்காது. வெளிச்சத்தை ஏதோ மறைக்கிறது. குவளைக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் ஜன்னல்தான். மூன்றாவது மாடி.

குவளையை இறக்கினால் தெரிந்துவிடும். இறக்கவில்லை. தோள் வலித்தது. மூச்சை அடக்கினான். இன்னொரு மூச்சு கேட்டது.

அவன் விரல்களின் மேல் குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் படிந்து, குவளையை மெதுவாகக் கீழே இறக்கத் தொடங்கின.