அரக்கு உடையாத பெட்டி

லட்லோ நகரத்துப் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆம்ப்ரோஸ் டக்வெல், வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். நனைந்த தொப்பி, சேறு அப்பிய காலணி, கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள் என்பது டார்கஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

டார்கஸ் டக்வெல்லின் தங்கை. கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அண்ணனைத் தேடி யாராவது வழக்கோடு வந்தால், அடுப்பில் இருப்பது கருகினால் கருகட்டும் என்று முன்னறையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றும் உட்கார்ந்தாள்.

"என் பேரு டாமரிஸ் ப்ளைத். ஹார்கோட் கிராமத்துல டீச்சரா இருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை, என்னைப் பொய்க்காரின்னு தாவர மன்றச் சபையில வச்சுச் சொல்லப்போறாங்க ஐயா. நான் பொய் சொல்லல."

"உட்காருங்கம்மா. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் டக்வெல்.

அவள் சொன்னாள். பல வருடங்களாகச் செடிகளைத் தேடிக் காடுமேடெல்லாம் அலைகிறவள் அவள். கண்டதை ஈரப்பாசியில் பொதிந்து, பெட்டியில் வைத்து, கடிதத்தோடு டாக்டர் ஜேபஸ் ஆர்ம்ஸ்பிக்கு அனுப்புவாள். மாவட்டத் தாவர மன்றத்தின் தலைவர் அவர். பார்த்துவிட்டு விவரமாகப் பதில் எழுதுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, எழுத்தை மட்டும் நம்பி நடக்கிற படிப்பு அது. அவள் வரைந்த செடிப் படங்களை மன்றமே புத்தகமாகப் போடுவதாக இருந்தது.

"ஏப்ரல்ல, எங்க ஊர் ஓடைப் பள்ளத்துல புளியாரை பூத்திருந்துச்சு. காட்டுப் புளியாரைன்னா வெள்ளையாத்தான் பூக்கும். இது நல்ல ஊதா. ஒரே ஒரு கொத்துதான். பறிச்சு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தப்போ வெள்ளைன்னு டாக்டர் எழுதுறார். கண்ணாடி மாத்திக்கோங்கன்னு கிண்டல் வேற."

"அப்புறம்?"

"மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை தபாலாபீஸ்லயே வச்சு, எல்லாரும் பார்க்க, பெட்டியை நூலால கட்டி, முடிச்சு மேல அரக்கு வச்சு, என் மோதிரத்தால முத்திரை குத்தினேன். டாக்டர் நாலு பேரைக் கூட்டி வச்சுக்கிட்டுத் தன் கையாலயே பிரிச்சிருக்கார். முத்திரை அப்படியே இருந்துச்சாம். உள்ளே..." அவள் கையிலிருந்த பெட்டியைக் காட்டினாள். "உள்ளே வெள்ளைப் பூ. பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டு, பூவை மட்டும் எனக்கு எதிரான சாட்சியா வச்சிருக்கார்."

"இன்னொரு பூ அனுப்பக்கூடாதா?" என்று குறுக்கே புகுந்தாள் டார்கஸ்.

"சீசன் முடிஞ்சுபோச்சும்மா. இனி அடுத்த வசந்தத்துலதான்."

"சரி, முதல்லயே நேர்ல கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே?"

"எங்க ஊர்ல பிள்ளைங்களுக்குச் செங்காய்ச்சல். பள்ளிக்கூடத்தையே மூடிட்டோம். நான்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டேன்."

டார்கஸின் நாற்காலி தானாகவே சற்றுப் பின்னால் நகர்ந்தது. டாமரிஸ் அதைக் கவனித்துவிட்டாள். "எல்லாருக்கும் குணமாயிடுச்சும்மா. பயப்படாதீங்க" என்றாள். டார்கஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரிகாரமாக ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

டக்வெல் தங்கையின் நாற்காலியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். நாலு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றின் விளிம்பும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"காத்துப் போக நீங்க குத்தினதா?"

"ஐயோ, இல்லை. ஓட்டை போட்டா பாசி காஞ்சு, பூ வாடிப்போகுமே. தபால்ல எங்கேயோ குத்துப்பட்டிருக்கும்னு நெனச்சேன்."

"தபால்ல குத்துப்பட்டா இவ்வளவு வரிசையா படாது" என்றார் டக்வெல்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு!" டார்கஸ் துள்ளி எழுந்தாள். "ஊசியை விட்டு ஊதாப் பூவை வெளியே இழுத்துட்டு, வெள்ளைப் பூவை உள்ளே திணிச்சிருக்கான்!"

"யாரு?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். எல்லாத்தையும் நானே செய்யமுடியுமா?"

மறுநாள் மூவரும் வாடகை வண்டி பிடித்து டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். மழையில் முன்வாசல் பாதை கெட்டுக் கிடந்ததால் வண்டிக்காரன் அவர்களைக் கொல்லைப்புறத்தில் இறக்கிவிட்டான். துணி வெளுக்கும் அறையை ஒட்டி டூலிப் பூக்கள் வரிசைகட்டி நின்றன. ரத்தச் சிவப்பு. அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் பூக்கள் சோகை பிடித்ததுபோல் வெளுத்திருந்தன. ஒரு பூவில், ஜன்னல் பக்கத்து இதழ் வெளுப்பு. மறுபக்கத்து இதழ் சிவப்பு.

"பாவம், தண்ணி விட ஆளில்ல போலிருக்கு" என்றாள் டார்கஸ். டக்வெல் குனிந்து, ஜன்னல் விளிம்பை விரலால் தடவி முகர்ந்துவிட்டு நடந்தார்.

கதவைத் திறந்தவன் டாக்டரின் உதவியாளன் செப்டிமஸ் கார்ல். ஒல்லி, எண்ணெய் வழியும் தலை. டாமரிஸ் தன் பெயரைச் சொன்னதும் அவன் வாய் காதுவரை போனது.

"வாங்க வாங்க, ஊதாப்பூ டீச்சர்! இன்னிக்கு என்ன, பச்சை ரோஜாவா?"

'இவனேதான். இவன் மூஞ்சியே சொல்லுதே' என்று டார்கஸ் அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள்.

கூடத்தில் டாக்டரின் மனைவி ஹெப்ஸிபா, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஹார்கோட் டீச்சர் வந்திருக்கிறாள் என்று கார்ல் சொன்ன மாத்திரத்தில், குழந்தையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் ஆர்ம்ஸ்பி பெரிய தாடியும் அதைவிடப் பெரிய குரலும் கொண்ட மனிதர். கெட்டவரல்ல, தான் கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் நம்பாதவர். தாளில் ஒட்டிவைத்த பூவை மேஜைமேல் போட்டார். வெள்ளைப் பூதான். தாளின் கீழே, கண்டெடுத்தவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"பாருங்க இன்ஸ்பெக்டர். அரக்கு உடையல. நூல் அறுபடல. அப்போ இந்தம்மா வச்சதே வெள்ளைதான். வேற வழியே இல்ல."

"மிஸ் ப்ளைத் கடைசியா எழுதின கடிதம் இருக்கா?"

டாக்டர் எடுத்துக் கொடுத்தார். உறையின் மூலைகளில் கத்திக்கீறல்கள். டக்வெல் அதை முகர்ந்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார்.

"தீக்குச்சி உரசின வாடை!" என்றாள் டார்கஸ்.

"உங்க மருந்து அலமாரியில நீர்த்த கந்தகத் திராவகம் இருக்குமே, டாக்டர். ஒரு சாசர்ல கொஞ்சம் ஊத்துங்க. உங்க வீட்டம்மாவையும் தயவுசெஞ்சு கீழே கூப்பிடுங்க. அவங்களைக் கேள்வி கேட்கிறதுக்கில்ல. அவங்க பார்க்கணும்."

ஹெப்ஸிபா வந்து கதவோரம் நின்றாள். அவள் முகமும் டூலிப் பூவைப்போல வெளுத்திருந்தது. டக்வெல் தாளில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூவிலிருந்து ஒரு இதழைக் கிள்ளி சாசரில் போட்டார்.

இதழின் ஓரத்தில் மெல்ல ஒரு நிறம் தலைகாட்டியது. நரம்பு நரம்பாகப் பரவியது. சற்றுச் சிவப்பேறிய ஊதா. டாமரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறம் திராவகத்துல இருந்து வந்து ஒட்டிக்கிச்சா, இல்ல திரும்பி வந்துச்சா?" டாக்டர் பாய்ந்து எழுந்தார். தன் சேகரிப்பிலிருந்து ஒரு சாதாரணப் புளியாரையை இழுத்து, அதன் இதழைத் தன் கையாலேயே அதே சாசரில் போட்டார். அது வெள்ளையாகவே மிதந்தது. டாக்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தப் பூவை யாரும் மாத்தல" என்றார் டக்வெல். "பெட்டியை யாரும் திறக்கவே இல்ல, அதனாலதான் அரக்கு உடையல. ஆனா புகை உள்ளே போகறதுக்குப் பெட்டியைத் திறக்கணுமா என்ன? நாலு ஓட்டை போதும். கந்தகத்தைக் கொளுத்தி அந்தப் புகையில வச்சா, ஈரமான பூ வெளுத்துப்போகும். திராவகத்துல போட்டா நிறம் திரும்பும். டார்கஸ், உன் வைக்கோல் தொப்பியை எப்படி வெளுத்தே?"

"பீப்பாய்க்குள்ள தொங்கவிட்டுக் கந்தகத்தைக் கொளுத்தி..." டார்கஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! அந்த டூலிப்!"

"ஆமா. வெளுக்கற அறை ஜன்னல்ல அந்தப் புகை வெளியே வந்திருக்கு. சரி, ஒருத்தர் எதுக்குத் தபாலைப் புகை போடணும்? அதை நேத்து நீயே காட்டிக்கொடுத்துட்டே, உன் நாற்காலியால."

கதவோரத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"நான்தாங்க" என்றாள் ஹெப்ஸிபா. "ஹார்கோட் தபால் முத்திரையோட எது வந்தாலும், ஒட்டியிருக்கிற காய்ச்சல் சாகட்டும்னு, குத்திப் புகை போட்டுட்டுத்தான் உங்க மேஜைக்கு அனுப்புவேன். தபால்ல கை வைக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, அதனால சொல்லல. நம்ம பொண்ணு மேரியனைக் கொண்டுபோனது அந்தக் காய்ச்சல்தானே? கம்பளி மூட்டையில ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்போ வீட்டுல பேத்தி இருக்கா. பூ வெளுக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பொண்ணு மேல பழி வந்ததும் எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

டாக்டர் எழுந்துபோய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது அந்தப் பெரிய குரல் இருந்த இடம் தெரியவில்லை.

"உன்மேல தப்பில்ல, ஹெப்ஸி. கண்ணால பார்த்ததை மட்டும்தான் நம்புவேன்னு பெருமை பேசிக்கிட்டு, என் வீட்டுக் கொல்லையில டூலிப் வெளுத்ததைப் பார்க்காம இருந்திருக்கேன்." பிறகு டாமரிஸ் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா. வெள்ளிக்கிழமை சபையில நான் பேசத்தான் போறேன். ஆனா என்னைப் பத்திப் பேசுவேன்."

டாமரிஸ் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. டார்கஸுக்கும் கண் கலங்கியது. கார்லைக் குற்றவாளியாக்க முடியாத ஏமாற்றம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. அவன் அசடு வழிய முன்னால் வந்து, "டீச்சர், அந்தப் பச்சை ரோஜா..." என்று இழுத்தான்.

"கண்டெடுத்தா உனக்குத்தான் முதல்ல அனுப்புவேன்" என்றாள் டாமரிஸ்.

"அடுத்த வசந்தத்துல பூவை அனுப்பாதேம்மா" என்றாள் ஹெப்ஸிபா, கண்ணைத் துடைத்தபடி. "செடியோட நீயே வா. உன்னைப் புகை போடமாட்டேன்."

டாக்டர் மேஜைக்குத் திரும்பி, பூ ஒட்டிய தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை மையில் தோய்த்தார். காலியாக இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில், நிறுத்தி எழுதினார்: கண்டெடுத்தவர், டாமரிஸ் ப்ளைத், ஹார்கோட்.

மை காயும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.