பாதிக் கண்ணாடி

சனிக்கிழமை காலை பட்டறைக் கதவைத் திறந்த நெவில் ஆட்டர், எஞ்சினின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதி நிற்பதைப் பார்த்தார்.

நிற்கக் கூடாது. அந்த பாய்லரில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஒரு வாளியும் தரைக்கு வந்துவிடும். ஆகஸ்ட்டிலிருந்து இந்த இரண்டு மாதத்தில் அதில் யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

தகரக் கூரையில் இங்கிலாந்தின் டார்பிஷயர் மழை சளசளத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் எப்போதும் இருக்கும் மண்ணெண்ணெய் வாடையோடு, ஈரக்கரி பற்றிக்கொள்ளும்போது வருமே, அந்தக் கந்தக நெடியும் மெல்ல மூக்கில் ஏறியது. பலகை மேல் முழங்கால் உயரத்துக்கு, பச்சையும் கறுப்புமாக, பெரிய ரயில் எஞ்சினைச் சலவையில் சுருக்கிப் போட்டதுபோல நின்றது லென் பிம்மின் எஞ்சின். சுருங்கியிருந்தாலும் பொம்மை இல்லை. நிஜக் கரி, நிஜ நீராவி. பின்னால் வண்டி பூட்டி எட்டுப் பேரை உட்கார வைத்தால் பூங்காவைச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடும்.

நெவில் கிட்டே போய்க் குனிந்தார். விரல் நீளக் கண்ணாடிக் குழாய். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் என்று ஓட்டுபவனுக்குக் காட்டுவது அது ஒன்றுதான். தண்ணீர்க்கோடு சரியாகப் பாதியில் இருந்தது. இருந்ததோடு நிற்கவில்லை. லேசாக ஆடியது. நெருப்பு எரிகிற பாய்லரில்தான் அப்படி ஆடும்.

பாய்லரைத் தொட்டார். ஐஸ்போல இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே இருக்கும் குட்டிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சர்ரென்று இறங்க வேண்டும், மூடினால் உடனே ஏற வேண்டும். ஓட்டும் முன்பு ஒவ்வொருவரும் செய்து பார்ப்பது. நெவில் திறந்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. கோடும் இறங்கவில்லை.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். ஏப்ரலில் லென் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

"டேய் நெவில், இந்தக் கண்ணாடி கொஞ்சம் சோம்பேறியா இருக்குடா. இறங்குது, ஏற நேரமாகுது. ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

குட்டி ரயில் ஓட்டுகிறவர்கள் சங்கத்தின் பாய்லர் பரிசோதகர் நெவில்தான். பாய்லரில் இருமடங்கு அழுத்தம் ஏற்றி இருபது நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு கண்ணாடி, பிறகு வால்வு. அன்றைக்கும் மழை. லென் ஃபிளாஸ்கில் சூடாக டீ வைத்திருந்தான். நாற்பது வருஷ சிநேகிதன், சங்கத்திலேயே சுத்தமான கை. நெவில் மடியில் வைத்தே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். "கண்ணாடி சரி, போகலாம்" என்று சொல்லி இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட்டில் பாய்லர் வற்றியது. கண்ணாடி பாதி என்று காட்டிக்கொண்டே இருந்தது. லென் அதை நம்பிக் கரி போட்டான். நெருப்புப் பெட்டியின் பழுக்கக் காய்ந்த மேல்தகடு பிளந்து, நெருப்பும் ஆவியும் கரி போடும் கதவு வழியாக அவன் முகத்துக்கு வந்தன. பின்னால் வண்டியில் இருந்த டீச்சர் ஒருத்திக்குக் கை வெந்தது. லென் பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான்.

விசாரணைக் கூட்டத்தில் சர்டிபிகேட்டைக் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் லென்தான் அன்று கண்ணாடியைத் திறந்து பார்க்க மறந்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். நெவில் தலையாட்டினார். எஞ்சின் பழுதுபார்க்க அவர் பட்டறைக்கு வந்த பிறகு கண்ணாடியின் கீழ்ப்புழையில் கம்பி விட்டுக் குடைந்தார். புழையை அடைத்திருந்த, அரிசி அளவு ஈயப்பற்றுத் துணுக்கு ஒன்று வந்தது. ஏப்ரலில் அரை நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

இப்போது ஸ்பானரை எடுத்து, கண்ணாடிக் குழாயையே கழற்றினார். இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். செங்குத்தாகப் பிடித்தார். தண்ணீர் கொட்டவில்லை. பாதியில் நின்று ஆடியது. படுக்க வைத்தார். அப்போதும் பாதிதான். பழந்துணியில் சுற்றி மேசை டிராயருக்குள் தள்ளி மூடினார். துணி கதகதப்பாக இருந்தது.

"உள்ள இருக்கீங்களா நெவில்?"

வாசலில் மேவிஸ், லென்னின் மனைவி. குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு மாதத்தில் கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. எஞ்சின் பக்கம் அவள் பார்க்கவில்லை.

"நாளைக்கு லென் நினைவு ஓட்டம்ல. நாரிஸ்தான் எஞ்சின் ஓட்டறார், முதல் வண்டில என்னை உக்காரச் சொல்றார். போகட்டுமான்னு கேக்க வரல." பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "அந்த டீச்சரம்மாவும் வராங்களாம். லென் சார்பா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன். மூணு நாளா எழுதிக் கிழிச்சு எழுதினது."

நெவில் உறையைப் பார்த்தார்.

"ஆனா எனக்கு மனசு ஒப்பல நெவில். வீட்ட விட்டுக் கிளம்பினா பூட்ட மூணு தடவை இழுத்துப் பாக்குற மனுஷன் அவர். நான் கிண்டல் பண்ணிச் சிரிப்பேன். அவரா மறந்திருப்பார்? நீங்கதான பரிசோதிச்சது. நீங்க சொல்லுங்க. அவர் மறந்துதான் இருப்பார்னா, நாளைக்கு இதைக் குடுத்துடறேன்."

மழை ஒரு கணம் விட்டது. டிராயருக்குள்ளிருந்து, கெட்டில் கொதிக்கத் தொடங்கும் முன் வருமே, அந்த முனகல் கேட்டது. மேவிஸுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மை அவர் தொண்டை வரை வந்தது. நான் பார்க்கவே இல்லை மேவிஸ், டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"எப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு தடவை மறக்கும் மேவிஸ்," என்றார்.

"அப்ப சரி," என்று உறையை உள்ளே வைத்தாள். "எல்லாரும் அவரைத் திட்டுனப்ப நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கு நன்றி."

அவள் போன பிறகு டிராயரைத் திறந்தார். துணி இருந்தது. குழாய் இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. உலர்ந்து சுத்தமாக இருந்தது. நெவிலுக்கு உயிர் வந்தது. வெறும் மனப்பிரமை என்று தனக்கே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போய், குழாயடியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்தார்.

டம்ளரைக் கீழே வைத்தார். பாதி இருந்தது.

எடுத்து மறுபடி குடித்தார். உதட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கவிழ்த்தார். தொட்டி நனையவில்லை. டம்ளரில் பாதி. வாசலில் இருந்த காலிப் பால் பாட்டிலில் பாதி. ஜன்னல் கண்ணாடியில், தோட்டத்தின் நடுவே, வேலிக்கும் மேலே, ஒரு கோடு. அதற்குக் கீழே எல்லாம் கொஞ்சம் வளைந்து தெரிந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கோடு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பூங்காவில் நல்ல கூட்டம். வறுத்த வெங்காயமும் கரிப்புகையும் மணத்தன. நெவில் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் பரிசோதகர் கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகே ஆள் ஏற்றிய வண்டி கிளம்ப வேண்டும் என்பது புது விதி. லென் செத்த பிறகு வந்த விதி. முன்மொழிந்தது நெவில்தான். அன்று கைதட்டினார்கள்.

"என்னப்பா, ஒரு வாரம் பட்டினி கிடந்தவன் மாதிரி மூஞ்சி?" நாரிஸ் தன் எஞ்சினுக்குப் பின்னால் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது, இரண்டு கண்ணிலும் புரை. "வந்து பாரு சீக்கிரம். எனக்கு அந்தக் கண்ணாடி இருக்குன்னுதான் தெரியுது, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல."

கூட்டம் சிரித்தது. முதல் வண்டியில் மேவிஸ். அவளுக்குப் பின்னால் கையில் துணிச்சுற்றோடு அந்த டீச்சர். டீச்சர் மடியில் உறை, பிரித்திருந்தது. அவள் மேவிஸின் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேவிஸ் தலைகுனிந்து இருந்தாள். செய்யாத தப்புக்கு.

நெவில் மண்டியிட்டார். கண்ணாடியில் பாதி.

குட்டிக் குழாயைத் திறந்தார். கோடு இறங்கவில்லை. சத்தத்தைக் கேட்டார். தண்ணீர் தெறிக்கும் சத்தம் இல்லை. வறண்ட சீறல். வெறும் ஆவி. பாய்லரில் தண்ணீர் இல்லை.

இந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

"எப்படி?" என்றார் நாரிஸ்.

நிறுத்து என்று சொல்ல வேண்டும். நெருப்பை இழுத்து வெளியே போடு, எல்லாரையும் இறக்கு. ஏன் என்பார்கள். உன் கண்ணுக்கு என்ன ஆச்சு என்பார்கள். எப்போதிலிருந்து என்பார்கள். மேவிஸ் நிமிர்ந்து பார்ப்பாள்.

கேட்கட்டும். பார்க்கட்டும். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தார்.

"கண்ணாடி சரி," என்றது அவர் வாய். "போகலாம்."

அதே குரல். பிஸ்கட் மெல்லுகிற குரல்.

நாரிஸ் விசில் அடித்தார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. நெவில் கத்தினார். வாய் திறந்துதான் இருந்தது, சத்தம் வரவில்லை. எழ முயன்றார். முழங்கால் புல்லில் ஊன்றியபடியே இருந்தது. நாரிஸ் கரிச்சட்டுவத்தை எடுத்து நெருப்பில் இன்னொரு வாய் கரி போட்டார். மேவிஸ் திரும்பிப் பார்த்து அவருக்குக் கை அசைத்தாள். அவள் முகத்துக்குக் குறுக்கே, கண்ணுக்குச் சற்றுக் கீழே அந்தக் கோடு நின்றது.

லேசாக ஆடியது.